கோட்டிங் காயலை

என் மாமனாரின் காரியத்துக்கு வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்து துக்கம் கேட்டார்கள். காபி குடித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்துபோய் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்து எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள்.

"வண்டியக் கண்ணு மாரி வச்சிருந்தாருங்க மனுசன். பழைய வண்டின்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

என்னிடமும் அதையே சொன்னார்கள். நான் வீட்டு மருமகன், ஆமாம் என்று தலையாட்ட வேண்டியவன். ஆட்டவில்லை. அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல அன்றைக்கு அங்கே ஆள் நிறைய இருந்தார்கள். அவர்கள் விட்டதை நான் சொல்கிறேன்.

அவரை முதன்முதலில் பார்க்கப் போனபோது நான் பார்த்தது அவருடைய கால்களை மட்டும்தான். குளத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அவருடைய ஊர். மதியும் நானும் புதுக்கோட்டையில் ஒன்றாகப் படித்தவர்கள். கல்யாணம் பண்ணிக்கொள்வதாக முடிவுசெய்த பிறகு, "மொதல்ல நீங்க வந்து அப்பாகிட்டப் பேசிருங்க, அப்புறம் பெரியவங்களக் கூட்டிட்டு வாங்க" என்று அவள்தான் வரச் சொன்னாள். போனேன். ஷெட்டில் வெள்ளைக் காரின் முன்பக்கம் இரண்டு சாய்வுப் பலகைகளின் மேல் ஏறி நின்றது. அடியிலிருந்து கைலி கட்டிய இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கம்பி பிரஷ்ஷால் இரும்பைத் தேய்க்கிற சத்தம் வந்தது.

"ஜெகதாப்பட்டினத்துத் தம்பியா?" என்றது கீழேயிருந்து குரல்.

"ஆமாங்க."

"வீடு கடல்லருந்து எவ்வளவு தூரம்?"

"பக்கந்தாங்க. அலைச் சத்தம் கேக்கும்."

"அப்ப கிரில்லு, கேட்டு எல்லாம் போச்சுன்னு சொல்லுங்க."

வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

"சிரிக்காதீங்க தம்பி. உப்புக்காத்து சிரிக்கிற விசயமில்ல." பிரஷ் சத்தம் மறுபடியும் கேட்டது. "என்ன தொழிலு?"

"அப்பா ஐஸ் கம்பெனி வச்சிருக்காங்க. நானும் அதத்தான் பாக்குறேன்."

"அங்கயும் உப்புத்தண்ணித் தொட்டிதான?"

ஐஸ் கட்டிகளை உறைய வைக்கிற தொட்டியில் உப்புத்தண்ணீர்தான் ஓடும். அது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்வி கேட்கவில்லை. என்னைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான் என்பதுபோல் வேலையைத் தொடர்ந்தார். நான் குனிந்தே நின்றேன். முதுகு வலித்தது. கடைசியில், "புள்ள ஒத்தக்கால்ல நிக்கிது. ஒங்க வீட்டுல வந்து பேசச் சொல்லுங்க" என்றார். முகத்தைக் காட்டாமலே சம்மதம் சொன்னார். அவருடைய மனைவி காபி கொண்டுவந்தார். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. காருக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. அத்தை குனிந்து அந்தக் கையில் டம்ளரை வைத்தார்.

மாமா பல வருடங்கள் சவுதியில் கடலோர ஊர் ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அங்கே வாங்கிய பழைய காரைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் அதைச் சொல்வார். மேலே பார்த்தால் மினுமினுப்பு. ஒருநாள் பிரேக்கை மிதித்தபோது காலடியில் தகரம் பொத்துக்கொண்டு உள்ளே போனது. "காலுக்குக் கீழ ரோடு ஓடுது மாப்ள. கண்ணால பாக்குறேன்" என்பார். அந்தக் காரை எடைக்குப் போட்டாராம். ஊருக்குத் திரும்பி வந்து இந்த வெள்ளைக் காரை வாங்கியபோது, இதன் அடியில் ஒரு பொட்டுத் துருவும் ஏறவிடக்கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டார்.

எடுத்த முடிவை நிறைவேற்றினார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வருடா வருடம் மழைக்காலத்துக்கு முன்னால் வண்டியைப் பலகையில் ஏற்றுவார். ஹோஸ் பைப்பால் அடிப்பக்கம் முழுக்க அடித்துக் கழுவுவார். ஈரம் போகக் காயவிட்டு, கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் சுரண்டுவார். சைலன்சர் மீதும் பிரேக் மீதும் பூசப்போகிற மருந்து படாமல் பேப்பர் சுற்றி டேப் ஒட்டுவார். துரு பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு ஒரு கை அடிப்பார். அது காய்ந்ததும் ரப்பர் மாதிரி இறுகுகிற கறுப்புக் கோட்டிங் இரண்டு கை. கதவுகளின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கோட்டிங் அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே நின்று துருவை உண்டாக்கும். அதனால் ஈர்க்குச்சியை வைத்து ஒவ்வொரு ஓட்டையையும் குத்தித் திறந்துவிடுவார். குழந்தைக்குக் காது குடைந்துவிடுவதுபோல அவ்வளவு பக்குவமாகச் செய்வார். துடைப்பதற்கு அத்தையின் புடவைகளைக் கிழித்துக்கொள்வார். அதெல்லாம் பழைய புடவைகள் இல்லை.

நிச்சயதார்த்தத்துக்கு எங்கள் ஊருக்கு வந்தபோது சொந்தக் காரில் வரவில்லை. வேன் பிடித்து வந்தார். அன்றைக்கு எங்கள் தெருவில் யாருக்கும் மனசு சரியில்லை. முந்தின நாள் கடலுக்குப் போன படகு ஒன்றை எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி வந்திருந்தது. அப்பா அந்தக் கவலையோடுதான் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார். இவர் வேனிலிருந்து இறங்கினார். கும்பிட்டார். நேராக எங்கள் லோடு வண்டிக்குப் போனார். பட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்து அடியில் பார்த்தார். விரலால் ஓரிடத்தில் தட்டினார். துருச் செதில் ஒன்று உதிர்ந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினார்.

"சம்பந்தி, புது வண்டின்னு சொன்னாங்க. அப்பளம் மாரி உதுருது பாருங்க."

இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் நின்றிருந்தார்கள். அப்பா அதைக் கையில் வாங்கிக்கொண்டார். என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் அப்பா யாரிடமும் குரல் உயர்த்தாதவர். தாம்பூலம் மாற்றுகிற வரை அவர் முகம் சுண்டியே இருந்தது. அன்றைக்கு எனக்குப் பிடிக்காமல் போனவர்தான் என் மாமனார். பிறகு ஒருநாளும் பிடிக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பொங்கலுக்கு மதியும் நானும் பஸ்ஸில் போய் குளத்தூரில் இறங்கினோம். எங்களை அழைத்துப் போக அவர் காரோடு வந்து நின்றார். அம்மா ஒரு பையில் நண்டும், ஒரு பொட்டலத்தில் கருவாடும் கட்டிக் கொடுத்திருந்தார். பையின் அடியில் ஐஸ் உருகிச் சொட்டியது.

"என்ன மாப்ள அது?"

"நண்டு மாமா. அத்தைக்குப் புடிக்குமேன்னு அம்மா குடுத்து விட்டாங்க."

ஒரு நொடி யோசித்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "ஒண்ணு செய்ங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு ஆட்டோ புடிச்சு வந்துருங்க. நான் முன்னால போறேன்" என்றார்.

மதி ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு ஏறினாள். எங்களுக்கு முன்னால், யாரும் உட்காராத அந்தக் கார் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. குண்டும் குழியும் வந்தால் நின்று, பார்த்து, ஒதுங்கிப் போனது. ஆட்டோக்காரர் திரும்பி, "முன்னால போறது யாருங்க?" என்றார். மதி வெளியே பார்த்துக்கொண்டு, "எங்கப்பா" என்றாள்.

அந்தக் கார் ஒருமுறைகூட ஜெகதாப்பட்டினத்துக்கு வந்ததில்லை. பேரன் பிறந்து அவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியபோதும் வரவில்லை. அத்தைக்குப் பேரனைப் பார்க்க ஆசை வந்தால் பஸ்ஸில் வருவார், புதுக்கோட்டையில் மாறி, அறந்தாங்கியில் மாறி. இறங்கும்போது கால் வீங்கியிருக்கும். "வண்டியில வந்தா எவ்வளவு நேரம் அத்தை?" என்று ஒருநாள் கேட்டேன். "அவுகளுக்கு இந்தக் காத்து ஒத்துக்காது மாப்ள" என்றார். வண்டிக்கு என்று சொல்லவில்லை. வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் அப்படி ஒரு பிடிவாதம் அவருக்கு.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம். பேரனை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, துணிமணி கொடுப்பதற்காக நாங்கள் போயிருந்தோம். அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. கோட்டிங் வேலை தள்ளிப்போய்விட்டதில் மாமா எரிச்சலாக இருந்தார். காலையில் மழை விட்டிருந்தது. பாதியில் நின்ற வேலையை அவர் ஷெட்டில் தொடர்ந்துகொண்டிருந்தார். வழக்கம்போல அத்தை காபி எடுத்துக்கொண்டு போனார். டம்ளர் விழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் மாமாவின் குரல் கேட்டது.

"பாத்து வரக்கூடாதா? தரை பூரா ஈரம்."

நானும் மதியும் ஓடினோம். சமையலறையிலிருந்து ஷெட்டுக்குப் போகிற கதவோரம் அத்தை சுவரில் சாய்ந்தபடி சரிந்து கிடந்தார். வாய் ஒருபக்கமாக இழுத்திருந்தது. வலதுகை தனியாகக் கிடப்பதுபோல் கிடந்தது. ஏதோ சொல்ல வந்தார், சத்தம் வரவில்லை. நான் 108-க்கு போன் செய்தேன். வண்டி வேறொரு கேஸுக்குப் போயிருக்கிறது, அதை விட்டுவிட்டு வர நேரமாகும் என்றார்கள். அடுத்த தெருவில் ஒரு நர்ஸ் அக்கா இருந்தார். அவரைக் கூட்டிவர மதி ஓடினாள்.

ஷெட்டில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். நான் அத்தையின் தலையை மடியில் வைத்திருந்தேன்.

"மாமா, வண்டிய எறக்குங்க. நாமளே புதுக்கோட்டைக்குக் கொண்டுபோயிருவோம்."

அதில் எந்தச் சிரமமும் இல்லை. சக்கரம் நான்கும் மாட்டித்தான் இருந்தது. ஹேண்ட் பிரேக்கை விட்டால் பலகையிலிருந்து தானாக உருண்டு இறங்கிவிடும். அவர் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து எழுந்து நின்றார். அத்தையைப் பார்த்தார். பிறகு குனிந்து காரின் அடியைப் பார்த்தார்.

"காயல மாப்ள" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன காயல?"

"கோட்டிங்கு. இப்பத்தான் ரெண்டாவது கை அடிச்சேன். ரோடு பூரா சேறாக் கெடக்கு. இப்ப எறக்குனா மண்ணு அப்படியே அப்பிக்கும். பூராத்தையும் திருப்பிச் சொரண்டணும்."

"மாமா, அத்தைக்கு வாய் கோணிருச்சு."

"தெரியுது. ஆம்புலன்சு வருதுன்னுதான சொன்னாக? அதுல ஆக்சிசன் எல்லாம் இருக்கும். நம்ம வண்டியில என்ன இருக்கு?"

அவர் பதறவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பதறியிருந்தால், புத்தி தடுமாறிச் சொல்லிவிட்டார் என்று விட்டிருப்பேன். அத்தையின் தலையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு எழுந்தேன். கார் சாவி அவர் சட்டைப் பையில் தெரிந்தது.

"சாவியக் குடுங்க. நான் ஓட்டுறேன்."

அவர் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். "மாப்ள, மரியாதை இருக்கட்டும்."

பிடித்துத் தள்ளிவிட்டு எடுத்திருப்பேன். அதற்குள் மதியும் நர்ஸ் அக்காவும் வந்துவிட்டார்கள். மதி அவரிடம், "அப்பா, வண்டிய எடுங்கப்பா" என்றாள்.

"பிரேக்கப் பிரிச்சுப் போட்டிருக்கேம்மா. எடுக்க முடியாது."

என்னிடம் பேசிய அதே குரலில் சொன்னார். என் பக்கம் திரும்பவேயில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் அக்கா என்னைப் பார்த்து, "நீங்க ரோட்டுக்கு ஓடுங்க சார், எந்த வண்டி வந்தாலும் நிறுத்துங்க" என்றார். ஓடினேன். மாட்டுத்தீவனம் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. அதை நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அது வந்து சேர்ந்தபோது நன்றாக வெயில் ஏறியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமே" என்றார். யாரையும் குற்றம் சொல்லி அல்ல, எல்லாரிடமும் சொல்வதுபோல்தான் சொன்னார். அத்தைக்கு உயிருக்கு ஆபத்து இல்லை. வலதுகையும் காலும் பேச்சும் போய்விட்டன. எவ்வளவு திரும்பும் என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

மாமா மறுநாள் வந்தார். பஸ்ஸில் வந்தார்.

வெளியே வராண்டாவில் வைத்து மதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னிடம் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும், "பிரேக்கப் பிரிச்சிருந்தாங்கன்னு எங்கிட்டச் சொன்னாங்க" என்றாள்.

"அது பொய் மதி."

"ஒங்களுக்கு எங்கப்பாவ என்னைக்கும் ஆகாதுங்க. ஒங்கப்பாவ சபையில வச்சுப் பேசிட்டாங்கன்னு மனசுல வச்சிருக்கீங்க. அதுக்காக இப்படிச் சொல்லாதீங்க. எந்த மனுசனும் அப்படிச் செய்ய மாட்டாங்க."

எந்த மனிதனும் அப்படிச் செய்ய மாட்டான் என்பதுதான் அவருக்குச் சாதகமாக இருந்தது. கோட்டிங் காயவில்லை என்பதற்காக ஒருவர் மனைவியைத் தரையில் கிடக்கவிட்டார் என்று சொன்னால், சொல்பவனைத்தான் சந்தேகப்படுவார்கள். இரண்டாம் முறை நான் அந்தப் பேச்சை எடுத்தபோது மதி எழுந்து போய்விட்டாள்.  ஒரே வீட்டில், ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, அவள் என்னைப் பொய்யன் என்று நினைத்தாள். அதையும் அவர் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனதும், தனியாளாக அவரால் அத்தையைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. மதி போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஜெகதாப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் அத்தைக்குத் தனி அறை கொடுத்தோம். காலையில் நானும் மதியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடக்க வைப்போம். ரப்பர் பந்து ஒன்றை வலதுகையில் வைத்து அழுத்தச் சொல்வோம். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தில் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வான். மாதங்கள் போகப் போக வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முதலில் பேரன் பெயர். பிறகு தண்ணி, போதும், வலிக்குது. மாமாவைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அவர் சாயங்காலம் போன் செய்வார். "எப்படி இருக்கா?" என்பார். பதிலைக் கேட்டுவிட்டு, "அந்தக் காத்து அவளுக்கு ஆகாது. நடக்க ஆரம்பிச்சா இங்கிட்டு அனுப்பிச்சிருங்க மாப்ள. வீட்டுல வேலையெல்லாம் அப்படி அப்படியே கெடக்கு" என்பார். நான் போனை மதியிடம் கொடுத்துவிடுவேன்.

ஒருநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வியர்த்து வழிந்தது. மதிக்கு அவரைப் பார்த்ததில் சந்தோஷம். "வாங்கப்பா, வாங்கப்பா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அத்தை முன்னறையில் பந்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் கை நின்றது. எழுந்திருக்கவில்லை. அவரைப் பார்த்து அத்தை எழாமல் இருந்ததை அன்றைக்குத்தான் நான் முதலில் பார்த்தேன்.

"நல்லா நடக்குறாளா?" என்றார் என்னிடம்.

"நடக்குறாங்க."

"அப்ப சரி." அத்தையின் பக்கம் திரும்பினார். "கெளம்பு. வண்டி கொண்டாந்திருக்கேன். போகலாம்."

மதியின் முகம் மலர்ந்துவிட்டது. வாசலுக்கு எட்டிப் பார்த்தாள். தெருவில் ஒன்றும் இல்லை. "எங்க நிக்கிதுப்பா வண்டி?"

"அறந்தாங்கியில. நம்ம சொந்தக்காரவுக வீட்டு நெழல்ல நிறுத்திருக்கேன். அங்கன வரைக்கும் பஸ்ஸுல போயிட்டா அப்புறம் வண்டியில போயிரலாம்."

மதி உள்ளே போய் டீ போட்டாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காற்று வாங்கிக்கொண்டு, "நேரமாகுது. துணிமணிய எடுத்து வையி" என்றார். மதி டம்ளரோடு வந்து அவரிடம் நீட்டப்போனாள்.

அப்போது அத்தை பேசினார். ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துப் பேசுவதுபோல், நிறுத்தி நிறுத்தி.

"அன்னைக்கும் வண்டி நின்னுச்சு."

"என்ன?"

"நான் விழுந்த அன்னைக்கு. வீட்டுலதான் நின்னுச்சு."

"அன்னைக்கு பிரேக்கப் பிரிச்சு..." என்று ஆரம்பித்தார்.

அத்தை இடதுகையை உயர்த்தினார். அவர் நிறுத்திக்கொண்டார்.

"காயலன்னீங்க. மாப்ளகிட்ட. சாவியக் கேட்டாரு. தரல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்கு வாய்தான் வரல. காது நல்லாக் கேட்டுச்சு."

 அவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லி அவரைக் காப்பாற்ற வேண்டும் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பாவமாக இல்லை.

மதி நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டாள். டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.  வராண்டாவில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவள் இப்போதுதான் கேட்கிறாள் என்று தெரிந்தது.

"அம்மா வரலப்பா" என்றாள். "அறந்தாங்கி பஸ்ஸு இப்ப வரும். கெளம்புங்க."

அவர் எழுந்து பொத்தானைப் போட்டுக்கொண்டார். அத்தையிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை பந்தை அழுத்த ஆரம்பித்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார். பஸ் நிற்கிற இடம் வெகுதூரம். கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. போய் விட்டுவிட்டு வாங்க என்று மதியும் சொல்லவில்லை.